நகர்ந்துகொண்டிருந்த பச்சைக்கோடு

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையோடு சரி. தெருவுக்கு அவன் சர்வர். விண்ணப்பம் போட வருகிறவர்களிடமெல்லாம் "சர்வர் டவுன், மதியத்துக்கு மேல வாங்க" என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. புதிதாகக் குடிவந்தவர்கள், இவன் முன்பு ஏதோ ஓட்டலில் பரிமாறியவன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அவன் திருத்துவதில்லை, கோபித்துக்கொள்வதுமில்லை. இருக்கிற கோபத்தையெல்லாம் அரசாங்கத்தின் இணையதளத்துக்கென்று சேர்த்து வைத்திருந்தான்.

கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. வாசலில்தான் நிமிர்ந்து நிற்க முடியும். உள்ளே போகப்போகக் கூரை சரிந்துகொண்டே வந்து, கணினி இருக்கும் மூலையில் உட்கார்ந்தே ஆகவேண்டும். ஒரு பிரிண்டர், ஒரு ஸ்கேனர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, போட்டோ எடுப்பதற்குச் சுவரில் ஒரு வெள்ளைத்துணி. பிரிண்டர் மேல் தூசி விழாமல் இருக்க உறை ஒன்று உண்டு. பள்ளிச்சீருடை தைத்து மிஞ்சிய நீலத்துணியில் அவனுடைய அக்கா தைத்துக் கொடுத்தது. பேனா செருக அதில் ஒரு சின்னப் பையும் வைத்திருந்தாள். அக்கா துணிக்கடை ஒன்றில் அளவு சரிசெய்கிற தையல்காரி. எதைக் கண்டாலும் அளவெடுத்துவிடுவாள்.

ஓட்டுநர் உரிமம், பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் என்று இந்தத் தெருவுக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் நடக்கிற போக்குவரத்தெல்லாம் அந்த மாடிப்படிக்கு அடியில்தான் நடந்தது. நடந்தது என்றா சொன்னேன், தவழ்ந்தது. அரசாங்கத்தளம் முசுட்டு மாமனார் மாதிரி. எப்போது கதவைத் திறக்கும், எப்போது முகத்தில் அடித்துச் சாத்தும் என்று யாருக்கும் தெரியாது. பக்கம் பக்கமாக எல்லாவற்றையும் நிரப்பிக் கடைசிப் பொத்தானை அழுத்தும்போது, நேரம் முடிந்துவிட்டது, முதலிலிருந்து தொடங்கவும் என்று சொல்லும். போட்டோ பெரிதாக இருக்கிறது என்னும். சின்னதாக்கினால் தெளிவில்லை என்னும். பிறகு ஒன்றுமே சொல்லாமல் வட்டம் ஒன்றைச் சுற்றவிட்டுவிட்டு எங்கேயோ போய்விடும். அந்த வட்டத்தைப் பார்த்துப் பார்த்தே சர்வருக்கு முன்மண்டை வழுக்கையாகிவிட்டது என்று பக்கத்துச் சாவிக்கடைக்காரர் சொல்லுவார்.

ஒருநாள் கணினி உயிரை விட்டது. பழுதுபார்க்க வந்த ஆள், உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாக ஆக்கிக் கொடுத்தான். அதோடு சர்வர் வருஷக்கணக்காகச் சேமித்து வைத்திருந்த தளமுகவரிகளும் போயின. அவற்றை அவன் மனப்பாடம் செய்து வைத்தவனல்ல. சேமித்ததைத் தட்டித்தான் பழக்கம். ஆகவே தேடுகிற இடத்தில் 'பாஸ்போர்ட் விண்ணப்பம்' என்று அடித்தான். முதலில் வந்ததைத் தட்டினான். அதன் தலைக்கு மேல் எறும்பளவு எழுத்தில் 'விளம்பரம்' என்று போட்டிருந்தது. விளம்பரம் என்ற சொல் இல்லாத இடம் ஏது? கண் அதைத் தாண்டிப் பழகியிருந்தது, தாண்டிவிட்டது.

திறந்த பக்கத்தில் அரசு முத்திரை மாதிரியே ஒரு முத்திரை இருந்தது. மேலே நீலப்பட்டை, நடுவில் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு குடும்பம், கீழே 'எல்லாச் சேவையும் ஒரே இடத்தில்'. அவன் தயங்கித் தயங்கி ஒரு விண்ணப்பத்தை நிரப்பினான். தளம் தயங்கவில்லை. போட்டோவை முதல் தடவையே வாங்கிக்கொண்டது. வட்டம் சுற்றவேயில்லை. பொத்தானை அழுத்தின கையோடு, உங்கள் விண்ணப்பம் கிடைத்தது, நன்றி என்று மெசேஜ் வந்தது. நன்றி! அத்தனை வருஷத்தில் அரசாங்கம் அவனுக்கு ஒரு நன்றி சொன்னதில்லை. அவனுக்குக் கண் கலங்காத குறை.

வெளியே வந்து சாவிக்கடைக்காரரிடம் சொன்னான். "அண்ணா, கவர்மெண்ட் திருந்திடுச்சு."

அவர் அரத்தை நிறுத்திவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "கவர்மெண்டா? திருந்துதா? உனக்கு என்ன, காய்ச்சலா?"

"நிஜமா அண்ணா. சைட்டே மாத்திட்டாங்க. வெண்ணெய் மாதிரி போகுது."

"அதான் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பவும் ராவ ஆரம்பித்தார். இருவரும் சிரித்தார்கள். பின்னால் பல நாள் அந்தச் சிரிப்பு சர்வருக்கு நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது.

புது முகவரியைச் சேமித்து வைத்துக்கொண்டான். பழையதைவிடக் கட்டணம் கொஞ்சம் கூட. வேலை நடக்கிற இடத்தில் கூடக் கொடுப்பது நியாயம்தானே என்று நினைத்துக்கொண்டான். கெட்டுப்போன ஒன்றோடு வாழ்ந்து வாழ்ந்து, நல்லபடியாக நடக்கிறதே என்று சந்தேகப்படவேண்டிய இடத்தில் அவன் நன்றி பாராட்டினான். அவன் செய்த தப்பு அவ்வளவுதான். அதற்குமேல் அவனை நான் குற்றம் சொல்லமாட்டேன். அவன் தன்னைச் சொல்லிக்கொண்டது போதும்.

அக்காவின் புருஷன் கடல் தாண்டி, கப்பல் கட்டும் இடமொன்றில் இரும்பு பற்றவைக்கும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வருஷம் தவறாமல் வந்து போகிறவர். பேச்சுக் குறைவு, இருமல் ஜாஸ்தி. அந்த இருமல் ஒருநாள் அவரை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தது. நுரையீரல் கெட்டுவிட்டது, வீட்டு ஆள் ஒருவர் வந்தால் நல்லது என்று ஆஸ்பத்திரி கடிதம் அனுப்பியது. பாஸ்போர்ட் நகலை மட்டும் அனுப்புங்கள், விசா, டிக்கெட் எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அவருடைய கம்பெனியும் சொல்லிவிட்டது. அக்காவின் பாஸ்போர்ட் கல்யாணமான புதிதில் எடுத்தது. அது எப்போதோ காலாவதி ஆகியிருந்தது.

அக்கா நேராகத் தம்பியிடம் வந்தாள். அப்பா அம்மா இல்லாத வீட்டில் அவனுக்குத் தலைவாரிவிட்டுப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள். வேறு யாரிடம் போவாள்?

"ஆபீசுக்கே நேர்ல போயிடலாமாடா? லெட்டர்தான் இருக்கே" என்று கேட்டாள்.

"எதுக்குக்கா அங்க போய் வரிசையில நிக்கணும்? புதுப்பிக்கிறதுக்கு நேர்ல வரவேண்டாம்னு சைட்லயே போட்டுட்டாங்க. இப்போ எல்லாம் வேற மாதிரி. இங்க உக்காரு, பாரு" என்றான்.

பெருமையாகத்தான் சொன்னான். அவள் வெள்ளைத்துணிக்கு முன்னால் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டாள். முந்தின இரவு தூங்காத முகம். சிரிக்கக்கூடாது என்று அவன் சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை. விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அடுத்த நிமிஷமே அவள் கைப்பேசியில் மெசேஜ் வந்து விழுந்தது. அதில் ஒரு இணைப்பு. தொட்டால் நீளமான பட்டை ஒன்று திறக்கும். விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைக் காட்டி, இடது ஓரத்திலிருந்து பச்சைக்கோடு ஒன்று நகரும்.

"அடேயப்பா, இவ்வளவு சீக்கிரமா?" என்று அவள் அவன் தோளைத் தட்டினாள். "நீ இருக்கிறது எனக்கு எவ்வளவு தெம்பு தெரியுமா?"

அன்றிலிருந்து அந்தப் பச்சைக்கோடுதான் அவளுக்குச் சாப்பாடும் தூக்கமும். எழுந்ததும் முகம் கழுவாமல் அதைத்தான் பார்ப்பாள். கோடும் அவளை ஏமாற்றவில்லை, தினம் கொஞ்சம் நகர்ந்தது. 'பரிசீலனையில்' என்று இருந்தது 'சரிபார்க்கப்பட்டது' ஆனது. துணிக்கடையில் இடைவேளை விடும் நேரத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்து மாமா வீடியோவில் வருவார். மூக்கில் குழாய், குரல் என்பது காற்றாகத்தான் வரும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. ஒரே கேள்வி கேட்பார்.

"எதுவரைக்கும் வந்திருக்கு?"

அக்கா உடனே பட்டையைத் திறந்து காட்டுவாள். "பாருங்க, பாதி தாண்டிடுச்சு. அடுத்தது அச்சுதான். வந்துட்டேன்னு வச்சுக்கோங்க."

அவர் தலையை ஆட்டுவார். அந்தக் கோட்டைப் பார்க்கும்போது மட்டும் அவர் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடுவதாக அக்கா சொல்லுவாள். தையல் இடைவெளிகளில் அவருக்காக ஒரு சட்டை தைத்தாள். பொத்தான் இல்லாமல் முன்பக்கம் நாடா கட்டுகிற மாதிரி, படுத்தபடியே போட்டுக்கொள்ள வசதியாக. பெட்டியைக் கட்டி வாசல் பக்கமே வைத்துவிட்டாள். போகிறவர் வருகிறவரெல்லாம் அதில் இடித்துக்கொண்டார்கள், எடுத்து உள்ளே வைக்க அவள் விடவில்லை.

'அச்சிடப்படுகிறது' என்ற இடத்துக்கு வந்ததும் கோடு நின்றுவிட்டது. அக்கா தினமும் காலையில் கடைக்கு வந்து எட்டிப்பார்த்தாள். "ஏன்டா நகரல?" "அச்சடிச்சு, ஒட்டி, தபால்ல போடணும்ல அக்கா. அவங்களுக்கும் கூட்டம் இருக்குமே." அவன் நம்பித்தான் சொன்னான்.

அப்போதுதான் லாரி டிரைவர் ஒருவர் கடைக்குள் புகுந்தார். உரிமத்தைப் புதுப்பிக்க இவனிடம் விண்ணப்பித்தவர். ஏற்கெனவே ஒருமுறை வந்து, இன்னும் வரவில்லையே என்று கேட்டபோது, உங்கள் விலாசத்தில்தான் ஏதோ குழப்பம் என்று சொல்லி அனுப்பிவைத்திருந்தான். இந்தத் தடவை அவர் கேட்க வரவில்லை.

"யோவ், ரோட்டுல நிறுத்திட்டாங்கய்யா. நீ குடுத்த ரசீதைக் காட்டினேன். அப்படி ஒரு விண்ணப்பமே இல்லைன்னு சொல்றாங்க. வண்டியை ஓரங்கட்டிட்டு நடந்து வர்றேன். நீ யார்கிட்ட போட்டே?"

"சைட்லதான் அண்ணா..."

"எந்த சைட்டு?"

சர்வர் திரையைத் திரும்பிப் பார்த்தான். டிரைவரின் உரிமம் அவனுக்கு நினைவில் நிற்கவில்லை. அக்காவின் பெட்டிதான் நின்றது. கடையைப் பூட்டக்கூடத் தோன்றவில்லை, சாவிக்கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு பஸ் ஏறினான்.

பாஸ்போர்ட் அலுவலகத்தில் கூட்டம் இருந்தது. சண்டை போடத் தயாராகத்தான் போயிருந்தான். கவுன்டரில் இருந்த அம்மாள் களைத்துப்போயிருந்தாள், ஆனால் கடுகடுக்கவில்லை. எண்ணை அடித்துப் பார்த்தாள். இன்னொரு தடவையும் பார்த்தாள்.

"இது எங்க நம்பரே இல்லைங்க. எங்க போட்டீங்க, காட்டுங்க."

அவன் கைப்பேசியில் பக்கத்தைத் திறந்து நீட்டினான். முத்திரை, நீலப்பட்டை, சிரிக்கிற குடும்பம். அந்த அம்மாள் அதையெல்லாம் பார்க்கவில்லை. விரலால் தள்ளிக்கொண்டே பக்கத்தின் அடிமட்டத்துக்குப் போனாள். அங்கே சாம்பல்நிறத்தில் கண்ணுக்குப் படாத எழுத்தில் இருந்தது: இது தனியார் தகவல் சேவை, எந்த அரசுத்துறையோடும் தொடர்பில்லை. அத்தனை நாளும் அவன் அந்த அடிமட்டத்துக்குப் போனதில்லை. அழுத்தவேண்டிய பொத்தான் மேலேயே இருந்தது.

"தினம் யாராவது இப்படி வந்து நிக்கிறாங்க. பணத்தையும் விவரத்தையும் வாங்கிட்டுச் சும்மா இருந்துடுவாங்க. நாங்களும் புகார் குடுக்கறோம், மூடறாங்க, வேற பேர்ல திறக்கறாங்க" என்றாள். "யாருக்கு எடுக்கறீங்க?"

"என் அக்காவுக்கு. மாமா அங்க ஆஸ்பத்திரியில இருக்கார்."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "ஆஸ்பத்திரி லெட்டர் இருந்ததா?"

"இருந்தது. இருக்கு."

"அட, அதை எடுத்துக்கிட்டு நேரா வந்திருந்தீங்கன்னா ரெண்டு மூணு நாள்ல கையில குடுத்திருப்போமே."

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. அவள் திட்டவில்லை. "நாளைக்குக் காலையில அவங்களைக் கூட்டிட்டு வந்துடுங்க. முதல் ஆளா முடிச்சுத் தர்றேன்" என்றாள். நல்ல மனுஷி. அந்த நல்ல மனுஷி இத்தனை நாளும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அக்காவிடம் சொல்லவேண்டியதை மனசுக்குள் கோத்துப் பார்த்தான். எங்கே தொடங்கினாலும் பாதியில் விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினான். சொல்லிவிட வேண்டும், காலையில் முதல் ஆளாகக் கூட்டிப்போக வேண்டும், இன்னும் ஒன்றும் கெட்டுவிடவில்லை என்று தன்னையே தேற்றிக்கொண்டான். அக்காவின் தெருமுனையில் திரும்பினபோது அவள் வீட்டு வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன.

பெட்டியைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டியிருந்தது. அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இவனைக் கண்டதும் கையை நீட்டினாள். "போயிட்டார்டா. மத்தியானம் பேசினாரே. அச்சுலதான் இருக்கான்னு கேட்டாரே..." அவன் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான். அழுதான். கூட இருந்தவர்களெல்லாம் மாமாவுக்காக அழுகிறான் என்றுதான் நினைத்தார்கள்.

காரியங்களைக் கம்பெனியே அங்கே முடித்தது. அக்கா அதையும் வீடியோவில்தான் பார்த்தாள். துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அலுவலகத்தைத் திட்டினாள். "ஒரு தாளை அச்சடிக்கறதுக்கு இத்தனை நாளா? அந்த நாற்காலியில உக்காந்திருக்கிறவங்களுக்குப் புருஷன் பிள்ளை கிடையாதா? நல்லா இருப்பாங்களா அவங்க?" கேட்டவர்களும் சேர்ந்து திட்டினார்கள். சர்வர் மூலையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கண்ணாடி போட்ட அம்மாளின் முகம் வந்து வந்து போயிற்று. அக்கா அவன் பக்கம் திரும்பி, "நீ உன்னால ஆனதைச் செஞ்சே. நீ ஏன் உருகறே?" என்றாள். அந்த இடத்திலாவது அவன் சொல்லியிருக்கவேண்டும். எனக்கு அவன்மேல் வருத்தம் உண்டென்றால் அது இங்கேதான்.

மற்ற எல்லாரிடமும் சொன்னான். அந்தத் தளத்தில் யார் யாருக்கு விண்ணப்பம் போட்டானோ அவர்களைத் தேடிப்போய்ச் சொன்னான், ஏச்சும் பேச்சும் வாங்கிக்கொண்டான், ஒவ்வொருவருக்கும் சரியான இடத்தில் திரும்பப் போட்டுக் கொடுத்தான். டிரைவர் சட்டையைப் பிடித்தார். அவன் பிடிக்கவிட்டான். சாவிக்கடைக்காரர், நான் அப்பவே சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேண்டாம், அக்கா காதுக்கு மட்டும் போகவேண்டாம் என்று இவன் கெஞ்சியபோது, "நீயே சொல்றவரைக்கும்தான்" என்றார்.

மாமாவின் ஆஸ்பத்திரிப் பத்திரங்கள் தபாலில் வந்து சேர்ந்தன. வெளிநாட்டில் நடந்த சாவை இங்கே பதிவு செய்தாகவேண்டும். அதையும் இணையத்தில்தான் செய்யவேண்டுமாம். ஒருநாள் முற்பகலில் அக்கா பத்திரங்களை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிரிண்டர் உறையில் ஒரு தையல் விட்டிருந்ததைப் பழக்கத்தில் விரலால் நீவினாள்.

"இதையும் நீயே போட்டுடுடா. உன்னை விட்டா எனக்கு யாரு?"

சர்வர் முகவரியை அரசு அறிவிப்புத்தாளில் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக அடித்தான். பக்கம் திறந்தது, மூடியது. மறுபடி அடித்தான். வட்டம் சுற்ற ஆரம்பித்தது. முன்பெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டுவான். இப்போது அந்த வட்டத்தைப் பார்க்கப் பார்க்க, அசல் இதுதான், இதுதான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

அக்கா கொஞ்சநேரம் பார்த்தாள். "ஏன்டா, அன்னைக்கு அடுத்த நிமிஷமே மெசேஜ் வந்துச்சே? இன்னைக்கு என்ன இப்படி இழுக்குது?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். அவன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான்.

"இது நிஜம்கா. அன்னைக்குப் போட்டது போலி. கவர்மெண்ட் மாதிரியே வச்சு ஏமாத்தற சைட்டு. எனக்குத் தெரியாமப் போச்சு. உன் விண்ணப்பம் ஆபீசுக்குப் போகவே இல்ல."

வெளியே அரம் ராவும் சத்தம் நின்றது.

"அப்போ அந்தப் பச்சைக்கோடு?"

"அது அவங்களே போட்டு வச்சதுக்கா. ஒண்ணும் இல்ல. சும்மா நகரும்."

"தினம் அவருக்குக் காட்டினேனே" என்றாள் அக்கா. "வந்துட்டே இருக்கேன்னு சொன்னேனே. கடைசியா அதைத்தானே கேட்டார்."

அவன் அழுதான். அவள் அழவில்லை. "உனக்கு எப்போ தெரியும்?" என்று கேட்டாள்.

"மாமா போன அன்னைக்கு. ஆபீசுக்குப் போயிட்டு அதைச் சொல்லத்தான் வீட்டுக்கு வந்தேன்."

"நான் அந்த ஆபீஸ்காரங்களை மண்ணை வாரித் தூத்தினேன். நீ பக்கத்துல உக்காந்து தலையாட்டினே." குரலை உயர்த்தவில்லை. "தெரியாம செஞ்சதை விடு. அது யாருக்கும் நடக்கும். தெரிஞ்சும் தலையாட்டினியே, அதுதான்."

அவன் அவள் கையைப் பிடிக்கப் போனான். அவள் கையை மடியில் இருந்த பத்திரங்களுக்குமேல் வைத்துக்கொண்டாள். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தான். அவள் போகவில்லை. போய் எங்கே பதிவு செய்வாள்? அவளுக்கு வேலை ஆகவேண்டியிருந்தது. சரிந்த கூரைக்குக் கீழே இருவரும் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஒருவழியாகப் பக்கம் திறந்தது. முதல் கட்டம் இறந்தவரின் பெயரைக் கேட்டது. சர்வர் அடித்தான், கண் மறைத்ததில் இரண்டு தடவை தப்பாக அடித்துத் திருத்தினான். அடுத்த கட்டம், இறந்தவருக்கு விண்ணப்பதாரர் என்ன உறவு.

"மனைவி" என்றாள் அக்கா. பிறகு பத்திரங்களை மேஜைமேல் வைத்து அவன் பக்கம் நகர்த்திவிட்டு, அந்த நாற்காலியில் வந்து உட்காரும் எந்த வாடிக்கையாளரும் கேட்பது போலக் கேட்டாள்.

"வேற என்ன வேணும்? சொல்லுங்க."